கைவேலைக் கிட்டாரில் திருத்தங்களை ரசிப்பது எப்படி?

அகூஸ்டிக் கிட்டாரின் முகப்பலகை பெரும்பாலும் ஸ்புரூஸ் மரம்; கனம் சுமார் 3 மி.மீ. பக்கப் பலகைகள் அதைவிட மெல்லியவை. இவற்றைக் கையால் இழைத்து, சூட்டில் வளைத்து ஒட்டும்போது எங்காவது பிசகும். அந்தப் பிசகைச் சரிசெய்த விதத்தில்தான் கைத்திறன் அதிகம் புலப்படும்.

கிட்டாரை ஜன்னலருகே சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பார்க்க வேண்டும். ஸ்புரூஸ் மென்மையானது, உளி தவறி விழுந்தாலே குழியும். நார் அறுபடாத குழி என்றால், ஈரத்துணி வைத்துச் சூடு காட்டினால் மரம் ஊறி எழும்பிவிடும். அப்படிச் செய்யாமல் உப்புத்தாளால் தேய்த்து மட்டப்படுத்தியிருந்தால் மெருகில் ஒரு பள்ளம் நெளியும். அது சோம்பல் வேலை.

விளிம்புப் பட்டைக்குக் காடி வெட்டும்போது ரூட்டர் நாரைப் பிய்த்துவிடுவதுண்டு. பிய்ந்த சிம்பையே தேடியெடுத்து அதே இடத்தில் ஒட்டுவதற்கு ஈடான திருத்தம் இல்லை. விரற்பலகை கருங்காலி என்றால் கவலை குறைவு: அதன் தூளைப் பசையில் குழைத்து அடைத்தால், சிப்பி பதித்த இடத்து இடைவெளிகூட மறைந்துவிடும். வெளிர்நிற ஸ்புரூசில் இந்தத் தந்திரம் பலிக்காது. பசை கருத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

உள்ளே பார்க்கச் சிறு கண்ணாடியும் டார்ச்சும் போதும். பக்கப் பலகைக்குப் பயன்படும் தென்னிந்திய ஈட்டி மரமும் இடுப்பு வளைவில் விரிசல் விடக்கூடியதுதான். விரிசலுக்குக் குறுக்காக நார் ஓடும்படி தாங்குதுண்டுகள் ஒட்டி, ஓரங்களைச் சரித்து இழைத்திருந்தால் கவனமான கை. ஸ்பெயினின் கிட்டார் கைவினைஞர் அந்தோனியோ டி டோரஸ் 1862-இல் ஒரு கிட்டாரின் முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழால் செய்து, ஒலிக்கு முகப்பலகையே முக்கியம் என்று காட்டினார். எனவே இப்படித் திருத்திய பக்கப் பலகை விரிசலால் ஒலி கெடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

பிரிட்ஜ் இடம் தவறியதைக் காதுதான் கண்டுபிடிக்கும். 12-வது ஃபிரெட்டில் அழுத்தி எழுப்பும் ஸ்வரமும், அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். சிறு பிசகு என்றால், பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சாடிலின் காடியை மரத்தால் அடைத்துச் சற்றுத் தள்ளி மறுபடி வெட்டுவார்கள். மெல்லிய கோடு தெரியலாம்; சுருதி சேர்ந்தால் அது குறையல்ல.

வாங்குபவர் தயங்க வேண்டியது கழுத்துச் சரிவில். ஸ்டீல் கம்பிக் கிட்டாரில் ஃபிரெட்களின் மேல் நேர்கோல் வைத்தால், அதன் முனை ஏறத்தாழ பிரிட்ஜின் மேல்முகத்தைத் தொட வேண்டும். மிகவும் தாழ்ந்து பிரிட்ஜில் முட்டினால், சாடிலைத் தேய்த்து எவ்வளவு சமாளித்திருந்தாலும், ஒருநாள் கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்தியே ஆக வேண்டும்.