ஹிப்போகாம்பஸ் இல்லாத எலி ஏன் முந்துகிறது?

மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை எடுத்த பிறகு எலி முன்பைவிட வேகமாகக் கற்கிறது என்றால், சோதனையில்தான் கோளாறு என்று முதலில் தோன்றும். 1961இல் ராபர்ட் ஐசக்சனும் இரு சகாக்களும் வெளியிட்ட முடிவு அப்படிப்பட்டது. இரண்டு அறைகள் கொண்ட பெட்டி. எச்சரிக்கை வந்ததும் எலி அடுத்த அறைக்கு ஓடிவிட வேண்டும். தாமதித்தால் காலடியில் ஷாக். அடுத்த முறை, தப்பி வந்த அறையிலேயே எச்சரிக்கை வரும். ஷாக் வாங்கிய அறைக்கே திரும்பி ஓட வேண்டும். ஹிப்போகாம்பஸ் அகற்றப்பட்ட எலிகள் இதில் முழு மூளை உள்ளவற்றை முந்தின. ஹிப்போகாம்பஸை எட்டுவதற்கு மேலுள்ள மூளைப் புறணியையும் எடுக்க வேண்டியிருந்ததால், புறணியை மட்டும் இழந்த எலிகளையும் வைத்து ஒப்பிட்டார்கள். அந்தக் கவனம் இல்லையென்றால் இந்த ஆய்வை இன்று பொருட்படுத்த வேண்டியதே இல்லை.

அடுத்த ஆண்டு ஐசக்சனும் விக்கல்கிரனும் நேர்மாறான ஒன்றைக் காட்டினர். உணவறைக்கு ஓடப் பழகிய எலிக்கு, அங்கே தின்றுகொண்டிருக்கும்போது ஷாக். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பது முழு மூளை எலிகளுக்குப் பொருந்தியது. ஹிப்போகாம்பஸ் இழந்தவையோ மறுபடியும் உணவறைக்கே போயின.

இரண்டையும் ஒரே வீச்சில் விளக்க 1960களில் டக்ளஸ், கிம்பிள் போன்றோர் சொன்னது: ஹிப்போகாம்பஸ் ஒரு பிரேக். அது போய்விட்டால் ஓட வேண்டிய இடத்தில் எலி வேகமாக ஓடும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓரறை எப்போதும் ஆபத்து, மற்றது எப்போதும் பாதுகாப்பு என்று சோதனையை மாற்றியதும் அந்த முந்துதல் மறைந்தது. சில ஆய்வுகளில் இந்த எலிகள் பின்தங்கவும் செய்தன. பிரேக் மட்டுமே பழுது என்றால் இங்கேயும் பாய்ந்திருக்க வேண்டுமே? போவதா வேண்டாமா என்ற இழுபறி இல்லாத இடத்தில் பிரேக்குக்கு வேலையில்லை என்று அவர்கள் பதில் சொல்லலாம். அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

1977இல் பிளாக், நேடல், ஓகீஃப் மூவரும் வேறு வழியில் வந்தார்கள். பழுதானது இடத்தை அறியும் திறன் என்றார்கள். முதல் பெட்டியில் நிலையான பாதுகாப்பிடமே கிடையாது. அங்கே இட அறிவு எலிக்கு இடைஞ்சல். ஷாக் வாங்கிய அறையை நினைவில் வைத்திருக்கும் எலிதான் திரும்பத் தயங்கும், உறைந்து நிற்கும். உணவறைச் சோதனையிலோ அதே அறிவுதான் எலியைக் காப்பாற்றுகிறது.

இரு தரப்பையும் பிரித்துப் பார்க்க உதவுவது, ஷாக்கைத் தவிர்க்கும் திறனைச் சோதிக்காத ஓர் ஆய்வு. 1992இல் கிம், ஃபான்செலோ இருவரும் எலிகளுக்கு ஒரு பெட்டிக்குள் ஒலியோடு சேர்த்து ஷாக் கொடுத்து, பிறகு வெவ்வேறு நாட்களில் ஹிப்போகாம்பஸைச் சிதைத்தார்கள். மறுநாளே சிதைத்தவற்றுக்கு அந்தப் பெட்டியின் மீதான பயம் போய்விட்டது. ஒலி கேட்டால் மட்டும் உறைந்தன. 28 நாள் கழித்துச் சிதைத்தவை பெட்டிக்குள்ளும் உறைந்து நின்றன. பிரேக் போன எலியால் நிற்கவே முடியாது என்றால் இவை எப்படி நின்றன? என் கணக்கில் பிரேக் விளக்கம் இங்கே அடிபடுகிறது.

அதற்காக இட விளக்கத்துக்கு முழு மதிப்பெண் போட்டுவிட முடியாது. 1997இல் மேரனும் சகாக்களும் பயிற்சிக்கு முன்பே ஹிப்போகாம்பஸின் மேற்பகுதியை நச்சு செலுத்தி அழித்தார்கள். அந்த எலிகள் பெட்டியைக் கண்டு அஞ்சக் கற்றுக்கொண்டன. அப்படியானால் இடத்தைக் கற்க வேறு பாதையும் இருக்கிறது. அடிப்பகுதியின் கதை தனி: 2002இல் கெல்ஸ்ட்ருப் குழு அதன் கோடியை மட்டும் அழித்தபோது பயமே குறைந்தது. பழைய அறுவைகள் மேல், கீழ் என்று பிரிக்காமல் பெரும்பகுதியை எடுத்தவை. ஐசக்சனின் எலிகளிடம் இட அறிவு எவ்வளவு போனது, பயம் எவ்வளவு போனது என்று அவற்றிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

ஆகவே என் தீர்ப்பு இட விளக்கத்துக்குச் சாதகம், அதுவும் மேற்பகுதிக்கு மட்டும். ஈரறைப் பெட்டியில் முந்திய எலி கூடுதலாக எதையும் கற்கவில்லை. முழு மூளை எலியைத் தடுக்கும் பயம் அதற்கு இல்லை, அவ்வளவுதான். இதற்கு நடைமுறை விளைவு உண்டு. ஷாக் வாங்கிய அறைக்குள் எலி எத்தனை நொடியில் மறுபடி நுழைகிறது என்பதை நினைவாற்றலின் அளவுகோலாக மருந்துச் சோதனைகளில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதே எலி ஒலிக்கு உறைகிறதா, வெறும் பெட்டியில் எவ்வளவு அலைகிறது என்று சேர்த்துக் காட்டாத ஆய்வறிக்கையில், நினைவு குறைந்தது என்ற முடிவை நான் ஏற்க மாட்டேன்.