பேணியில் அடைத்த பலம்

விளம்பரமும் ஒருவகை எழுத்தே. அதற்கு ஆசிரியன் உண்டு, கதாநாயகன் உண்டு, படிப்போன் உள்ளத்தில் ஓர் ஏக்கத்தை எழுப்பி, அதனைக் குறித்த திசையிற் செலுத்தும் நோக்கமும் உண்டு. நாவலையும் சிறுகதையையும் அவை பிறந்த சமுதாயத்தோடு பொருத்தி ஆராயும் நாம், அவற்றினும் பன்மடங்கு மக்களாற் பார்க்கப்படும் விளம்பரத்தை விமர்சனத்துக்குப் புறம்பானதென ஒதுக்கிவிடுவது பொருந்தாது. தசை வளர்ப்போருக்கென விற்கப்படும் புரதமாப் பேணிகளின் விளம்பரத்தையே இங்கு எடுத்துக்கொள்கிறோம். நமது நகரக் கடைகளிலும் இப்பேணிகள் நிரைநிரையாக அடுக்கப்பட்டுள்ளன. பெரிய பேணி ஒன்றின் விலை ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்திற் கணிசமான பங்கை விழுங்கிவிடும். அதனை வாங்குபவர்களோ பெரும்பாலும் இன்னும் உழைக்கத் தொடங்காத, அல்லது அண்மையில் உழைக்கத் தொடங்கிய வாலிபர்கள்.

இவ்விளம்பரத்தின் கதையமைப்பு மிக எளிது. மெலிந்த இளைஞன் ஒருவன் இருக்கிறான். உலகம் அவனை மதிப்பதில்லை. பேணி அவன் கைக்கு வருகிறது; மறுபடத்தில் அவன் மார்பு விரிந்து நிற்கிறான். இதற்குச் சாட்சியாக, பட்டங்கள் பல வென்ற வீரனொருவன் பேணியைக் கையிலேந்திப் புன்னகை செய்கிறான். வீரனின் உடல் உண்மையானது, பேணியும் உண்மையானது. இரண்டையும் ஒரே படத்தில் நிறுத்துவதனால், ஒன்று மற்றதன் காரணமென்று பார்ப்பவன் தானாகவே முடிவுசெய்துகொள்கிறான். கற்பனை இருப்பது அவ்விடத்திலேதான். அக்கற்பனைக்கு அடியில் மறைக்கப்படுவது யாது என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

இவ்வெழுத்தின் மூலபுருஷர் சாண்டோ. தமிழ்நாட்டுப் படத்தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன் பட்டமாகவும், கையில்லாத பனியனுக்கு அடைமொழியாகவும் நிலைத்துவிட்ட இப்பெயர், 1867இல் பிரஷ்யாவிற் பிறந்த பிரீட்ரிக் வில்ஹெல்ம் மியூலர் என்பவர் மேடைக்காகப் புனைந்துகொண்டதாகும். 1893இற் சிக்காகோ நகரிற் காட்சிப்பொருளாக நின்று புகழ்பெற்ற அவர், 1901இல் இலண்டன் அல்பேட் மண்டபத்திற் பெரும் உடலழகுப் போட்டி ஒன்றை நடத்தினார். நடுவர்களுள் ஒருவர் துப்பறியும் கதைகளால் நாமறிந்த கொனன் டொயில். 1904-05இல் இந்தியாவெங்கும் சுற்றிக் காட்சிகள் நடத்தினார். பாலிலிருந்து பெற்ற 'பிளாஸ்மன்' என்ற புரதமாவுக்குச் சாட்சி கூறினார். பின்னர் தம் பெயரிலேயே கொக்கோ விற்றார். இன்றைய பேணிக்குத் தேவையான யாவும் நூறாண்டுக்கு முன்பே அவரிடம் நிறைவெய்திவிட்டன.

அவர் ஏன் அந்நாட்டில், அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றார்? 1899இற் தொடங்கிய போவர் யுத்தத்துக்குப் படைதிரட்டியபோது, ஆங்கிலத் தொழில் நகரங்களிலிருந்து முன்வந்த இளைஞருட் பெருந்தொகையினர் உடற்தகுதியற்றவரென நிராகரிக்கப்பட்டனர். ஆளும் வர்க்கம் திடுக்கிட்டது. காரணம் எவருமறியாததன்று: அரைவயிற்று உணவு, இருண்ட குடியிருப்பு, சிறுவயதிலேயே ஆலைவேலை. இவற்றைத் தீர்க்கக் கூலி உயரவேண்டும், வீடுகள் கட்டப்படவேண்டும். சாண்டோவின் மருந்து இவ்வளவு செலவு வைக்காதது: ஒவ்வொருவனும் தன் அறையில் நின்று கைப்பாரம் தூக்கட்டும், கொக்கோ அருந்தட்டும். சமுதாயத்தின் குறை தனிமனிதனின் மார்பளவுக் குறையாக மாற்றப்பட்டது. உலகப் பொருளாதாரம் சரிந்த 1929ஆம் ஆண்டிலே நியூயோர்க்கில் அஞ்சல்வழிப் பயிற்சி விற்கும் நிறுவனத்தை அமைத்துக்கொண்ட சார்ள்ஸ் அட்லஸ் - இத்தாலியிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்துப் பையன், இயற்பெயர் அஞ்செலோ சிசிலியானோ - அதே கதையையே வேறு உடையில் விற்றார். கடற்கரையில் முகத்தில் மண்வாரி வீசப்பெற்ற மெலிந்தவன் அவமானம் துடைக்கும் சித்திரக்கதை அவருடையது. வேலையற்றுக் கிடந்த மனிதனின் அவமானத்துக்குக் காரணம் அவனுடைய புயம் என்று அது சொல்லிற்று.

எனினும் இத்துறையிலே முழு நாடகமும் அரங்கேறிய இடம் பென்சில்வேனியா மாநிலத்தின் யோர்க் நகரமே. அங்கு எண்ணெயெரிகலன் வியாபாரம் செய்த பொப் ஹொப்மன், 1932இல் 'பலமும் சுகமும்' என்ற பொருள்படும் சஞ்சிகையைத் தொடங்கினார். பாரந்தூக்கும் இரும்புகளைச் செய்தவர் அவர். அவ்விரும்புகளை விளம்பரம் செய்த சஞ்சிகை அவருடையது. அமெரிக்க ஒலிம்பிக் பாரந்தூக்கும் அணியின் பயிற்றுநரும் அவர். அணியின் வீரர் பலருக்குத் தம் ஆலையில் வேலை கொடுத்தவரும் அவரே. சாட்சியும் வழக்கறிஞரும் நீதிபதியும் ஒருவராகவே இருந்தார் என்க. 1950களின் தொடக்கத்தில் அவர் சஞ்சிகையிற் புரத உணவு விளம்பரம் செய்த வெளியார் ஒருவரின் பொருள் நன்கு விலைபோவதைக் கண்டார். விரைவில் அவ்விளம்பரம் மறைந்தது. ஹொப்மனின் சொந்தப் புரதமா தோன்றியது. அதன் உற்பத்தி முறையை அக்காலத்தில் அங்கு பணிபுரிந்த பத்திரிகையாளர் ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்: சோயாமாவும் சொக்கலேற்றும் பீப்பாவில் இடப்பட, முதலாளி தோணித் துடுப்பொன்றினாற் கிளறிக் கிளறிச் சுவைபார்த்தாராம்! விஞ்ஞானத்தின் பெயரால் விற்கப்பட்டது அது.

சிரிப்போடு முடிந்திருக்கக்கூடிய கதை 1958இன் பின் வேறு திசையிற் சென்றது. அவ்வாண்டு சீபா நிறுவனம் 'டயனபோல்' என்ற குளிசையை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆண் ஓமோனைப் போலத் தசையை வளர்க்கும் செயற்கை மருந்து அது. யோர்க் அணியோடு தொடர்புடைய டொக்டர் ஜோன் சீக்ளர் 1960ஐ அண்டிய ஆண்டுகளில் வீரர் சிலருக்கு அதனைக் கொடுத்துப் பரீட்சித்தார். அவர்களின் பலம் வியப்பூட்டும் வேகத்தில் உயர்ந்தது. ஹொப்மனின் சஞ்சிகை அவ்வியப்பைப் பக்கம் பக்கமாக எழுதியது. ஆனால் குளிசையைப் பற்றி அது பேசவில்லை. அசையாத இரும்புச் சட்டத்தைச் சில விநாடிகள் தள்ளியும் இழுத்தும் செய்யும் புதிய பயிற்சியும், யோர்க் நிறுவனத்தின் புரத உணவுமே அதிசயத்தின் காரணங்களென அது கூறியது. சட்டங்களும் பயிற்சி ஏடுகளும் மாவும் விலைபோயின. தூரத்து ஊர்களிலிருந்த இளைஞர்கள் தம் கூலியைக் கொடுத்து அவற்றை வாங்கி, இரவிரவாகத் தள்ளியும் இழுத்தும் பார்த்து, பலன் காணாதபோது தம் முயற்சியிலேயே குறையிருப்பதாக எண்ணிக்கொண்டார்கள். இவ்விளம்பரம் செய்த மிகப் பெரிய கொடுமை இதுவென்றே எமக்குப் படுகிறது. பணம் போனது ஒருபுறமிருக்க, பொய்யின் தோல்வியைத் தன் தோல்வியாக ஏற்குமாறு வாசகன் பழக்கப்பட்டான். சீக்ளர் பிற்காலத்திலே தாம் தொடக்கிவைத்ததை எண்ணி வருந்தினார்.

யோர்க்கின் போட்டியாளராக மொன்றியலில் 1940இற் சஞ்சிகை தொடங்கிய ஜோ வைடர், 1965இல் 'மிஸ்டர் ஒலிம்பியா' போட்டியை நிறுவினார். பட்டத்தை உண்டாக்குவதும் பட்டம் வென்றவனைக் கொண்டு பேணி விற்பதும் ஒரே நிர்வாகத்துக்குள் வந்தன. 1968இல் அவர் அமெரிக்காவுக்கு அழைத்துவந்த ஒஸ்திரிய இளைஞனே ஆர்னோல்ட் ஷ்வார்ஸ்நெகர். தாம் போட்டியிட்ட காலத்தில் ஸ்டெரொய்ட் மருந்துகளைப் பாவித்ததை ஆர்னோல்ட் பின்னர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டிருக்கிறார். அன்றைய பேணி விளம்பரங்களில் அச்செய்திக்கு இடமிருக்கவில்லை. 1985இல், தசை வளர்க்குமென விற்ற பொருள்கள் சிலவற்றைப் பற்றிய உரிமைகோரல்களை நிறுத்தவும், வாங்கியோருக்குப் பணத்தைத் திருப்பிக்கொடுக்கவும் வைடர் நிறுவனம் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவிடம் உடன்பட நேர்ந்தது. ஆயினும் 1994இல் அந்நாட்டுக் காங்கிரஸ் இயற்றிய உணவுச்சேர்க்கைச் சட்டம் வியாபாரிகளுக்குக் கதவை அகலத் திறந்துவிட்டது. பொருள் பயன் தருமென்றோ தீங்கற்றதென்றோ சந்தைக்கு வருமுன் எவரிடமும் நிரூபிக்கவேண்டியதில்லை. தீங்கானதென்று நிரூபிக்கும் பொறுப்பு அரசாங்கத்தின் தலையில்.

அரசாங்கத்தின் தலையில் அமர்பவர் யார் என்பதும் கவனிக்கற்பாலது. கலிபோர்னியாவின் ஆளுநராகிவிட்ட ஷ்வார்ஸ்நெகர், பாடசாலை விளையாட்டு வீரர்களிடையே இச்சேர்க்கைகளைக் கட்டுப்படுத்தும் சட்டமூலத்தை 2004இல் நிராகரித்தார். மறு ஆண்டு ஓர் ஒப்பந்தம் வெளிச்சத்துக்கு வந்தது: தசை வளர்ப்புச் சஞ்சிகைகளை வெளியிடும் நிறுவனம் அவருக்கு ஐந்தாண்டுகளிற் குறைந்தது 50 இலட்சம் டொலர் கொடுக்க இணங்கியிருந்தது, கொடுப்பனவு அச்சஞ்சிகைகளின் விளம்பர வருமானத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது, அவ்விளம்பரங்களிற் பெரும்பகுதி உணவுச்சேர்க்கை விளம்பரம். கூக்குரல் எழுந்தபின் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். பாடசாலைப் பிள்ளைகளின் உடல்நலத்தைப் பற்றிய முடிவும் பேணிக்காரரின் விளம்பரப் பணமும் ஒரே மேசையில் சந்தித்த இவ்வழக்கைவிடத் தெளிவான உதாரணத்தை மார்க்சியப் பாடநூல் எழுதுவோரும் கற்பனை செய்திரார்.

இனி, தசை வளர்ப்பு உடலுக்கு நன்மையானதா என்ற வினா. இரும்பு தூக்குதலை நாம் பழிக்கவில்லை. அளவறிந்து செய்யும் பாரப்பயிற்சி தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும், நீரிழிவைக் கட்டுப்படுத்த உதவும், முதியோருக்கும் ஏற்றது. (புறக்கோட்டையில் மூடை சுமக்கும் நாட்டாமைமார் நாள்முழுதும் இதனைச் செய்தும் பட்டவீரர் தோற்றம் பெறாமையை நோக்குக. பயிற்சி செய்பவனுக்கு ஓய்வும் உணவும் வேண்டும். அவர்களுக்கு இரண்டும் குறைவு.) ஆனால் போட்டிக்குரிய உடலழகு வேறு விஷயம். மேடையில் வீரன் எதையும் தூக்குவதில்லை. தோற்றமே அங்கு மதிப்பிடப்படுகிறது. தோலின் கீழ்க் கொழுப்பு வற்றவேண்டும், நீர் வற்றவேண்டும், தசையோ இயற்கை வரம்பைக் கடக்கவேண்டும். 1996இல் ஒஸ்திரிய வீரர் அந்திரேயாஸ் மியூன்சர் உள்ளுறுப்புகள் செயலிழந்து 31ஆம் வயதில் மாண்டார். மேடையில் அவரது உடலே வற்றிய தசைக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்பட்டிருந்தது. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, நெடுங்காலம் ஸ்டெரொய்ட் பாவித்த 86 பேரின் இருதயத்தைப் பாவிக்காத 54 பாரந்தூக்குவோரின் இருதயத்தோடு ஒப்பிட்டது. ஒவ்வொரு துடிப்பிலும் இருதயம் வெளித்தள்ளும் இரத்தத்தின் பங்கு பின்னவருக்குச் சராசரி 63 வீதம். முன்னவருக்கு 52 வீதம். இரு சாராரும் இரும்பு தூக்கியவர்களே. 2025இல் வெளியான மற்றோர் ஆய்வு, 2005 முதல் 2020 வரை சர்வதேசப் போட்டிகளில் மேடையேறிய இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களைப் பற்றியது. திடீர் இருதய மரணத்துக்கு ஆளாகும் ஆபத்து, பொழுதுபோக்காகப் போட்டியிட்டவரைவிடத் தொழில்முறை வீரருக்கு ஐந்து மடங்குக்கும் அதிகமென அது கண்டது. நோய் தொழிலோடு வளர்கிறது.

பேணியின் உள்ளடக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாலாடைக்கட்டி ஆலைகளில் ஒருகாலத்தில் ஆற்றில் விடப்பட்ட, பன்றிகளுக்கு ஊற்றப்பட்ட கழிவுநீரை வடித்து உலர்த்திப் பெறுவதே இன்றைய புரதமாவின் பெரும்பகுதி. அது நஞ்சன்று, உணவே. 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் எழுதப்பட்ட கட்டுரையின்படி, பயிற்சியோடு மேலதிகப் புரதமும் உண்டவர் பெற்ற கூடுதல் வளர்ச்சி சராசரியாக 300 கிராம் அளவினது. நாளொன்றுக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 கிராமுக்கு மேற்பட்ட புரதம் வேறு பலன் தருவதில்லை. பருப்பும் மீனும் முட்டையும் பாலும் அதைத் தரும். இதனினும் கவலைக்குரியது பேணியில் எழுதப்படாதது. 13 நாடுகளில் வாங்கிய 634 சேர்க்கைகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றில் ஏறக்குறைய 15 வீதமானவற்றில் உறையிற் குறிப்பிடாத ஓமோன் சார்ந்த பொருள்களைக் கண்டது.

விரும்புவோர் வாங்கட்டும், இது தனிமனித சுதந்திரமன்றோ எனச் சிலர் கூறுவர். தெரிவுசெய்ய வேண்டியவனிடமிருந்து உண்மைக் காரணத்தை ஒளித்துவிட்டு அவனது சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவது விந்தையானது.

அண்மைக்கால நாயகர் ஒருவரையும் குறிப்பிடுவோம். பிறையன் ஜோன்சன் என்ற அமெரிக்கர் 'ஈரல் அரசன்' என்ற பெயரில், பச்சை ஈரலும் முன்னோர் வாழ்க்கைமுறையுமே தம் உடலின் காரணமெனக் காட்சிப்படங்களில் முழங்கினார். உலர்த்திய ஈரலைக் குளிசைகளில் அடைத்து விற்றார். ஸ்டெரொய்ட் பாவிப்பதை மறுத்தார். அவரது கடிதங்கள் அம்பலமாயின. மாதந்தோறும் 11,000 டொலருக்கு மேல் ஓமோன் மருந்துக்குச் செலவிட்டமை அவற்றிலிருந்து தெரியவந்தது. 2022 டிசெம்பரில் பொய்யுரைத்ததாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்டபோதும் வழமைபோல மேற்சட்டை அணிந்திருக்கவில்லை. ஈரற் குளிசைகளின் வியாபாரம் அதன்பின்பும் தொடர்ந்தது.