கூலி கேளாச் சேவகன்: யாழ்ப்பாணத்து வீட்டுப் பணியாளரும் தமிழ் இலக்கிய நோக்கும்

யாழ்ப்பாணத்துத் தமிழிலக்கியத்தை உழைப்பின் நிலைநின்று நோக்கிய திறனாய்வு, தோட்டத்தில் நீர் இறைப்பவனை அறியும். பனையேறும் சீவல் தொழிலாளியை அறியும். சுருட்டுக் கொட்டிலையும் மீன்பிடி வள்ளத்தையும் அறியும். ஆனால் விடியுமுன் எழுந்து முற்றங்கூட்டி, கிணற்றடியில் நீர் அள்ளி, அம்மியில் அரைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, எல்லோரும் உண்டபின் குசினித் தரையில் இருந்து உண்ணும் வீட்டுப் பணியாளரை அது தொழிலாளியென அரிதாகவே கண்டுள்ளது. வீடு அன்பின் களமாகக் கொள்ளப்பட்டதனால் அது ஒரு வேலைத்தலமும் ஆகும் என்னும் உண்மை மறைந்துபோயிற்று. இம்மறைவு தற்செயலானதன்று. நமது இலக்கியமும் சமயமும் சட்டமும் வழங்கிய சொற்களே இதற்குத் துணைநின்றன என்பதை அவற்றைச் சற்று ஊன்றி நோக்குவோர் உணர்வர்.

'அடிமை', 'தொண்டு', 'பணி', 'ஊழியம்' ஆகிய சொற்கள் தமிழில் இரு தளங்களில் இயங்குபவை. சைவ சித்தாந்தம் சரியை நெறியைத் தாச மார்க்கம் என வகுத்தது. திருக்கோயிலில் அலகிடுதலும் மெழுக்கிடுதலும் வீடுபேற்றுக்கு வழியாகும் உயர்ந்த செயல்கள். மனிதனுடைய வீட்டில் அதே செயல்களைச் செய்பவர் இழிந்தவர். ஒரே செயல் எவருக்காகச் செய்யப்படுகிறது என்பதைக் கொண்டு அதன் மதிப்பு மாறுகிறது. இவ்விரு தளங்களும் ஒன்றையொன்று தொடும் இடமாகப் பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தைக் கொள்ளலாம். மணப்பந்தரில் வந்து நிற்கும் முதிய அந்தணர், பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலையைக் காட்டிப் பேரனைத் தம் அடிமையென வழக்குரைக்கிறார். நம்பியாரூரர் ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலை எடுத்துக்காட்டப்பட்டு, கையெழுத்து ஒப்புநோக்கப்பட்டு, தீர்ப்பு அந்தணர் பக்கமாகிறது. பக்தியுணர்வோடு இதனைப் படிப்போர் இறைவனின் திருவிளையாடலிலே திளைப்பர், அது முறையே. எனினும் ஒரு மனிதன் எழுதிய ஓலை அவன் பேரனையும் கட்டும் என்பதைக் கதைமாந்தர் எவரும் நடவாத செயலாகக் கருதவில்லை. வழக்கு ஓலையின் மெய்ம்மை பற்றியதாகவே முடிகிறது. அடிமையோலை வழங்கிய ஒரு சமுதாயத்திலேதான் இப்புராணக்கதை இவ்வளவு இயல்பாக அமைதல் கூடும்.

அத்தகைய ஓலைகள் யாழ்ப்பாணத்திலும் இருந்தன. சீதனத்திலே காணியோடும் நகையோடும் அடிமைகளும் கைமாறினர். ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி கிளாஸ் ஐசக்ஸ் 1707இல் தொகுத்து முடித்த தேசவழமை, அடிமைகளுக்கெனத் தனிப்பகுதி ஒன்றை ஒதுக்கியது. பன்னிரண்டு முதலிமார் பார்த்து ஒப்பிய அத்தொகுப்பு, ஆங்கிலேயராட்சியில் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் சட்டவலுப் பெற்றது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என அடிமைகள் அதில் வகுக்கப்பட்டனர். அடிமைப் பெண்ணின் பிள்ளைகள் அவளை உடையவருக்கே உரியர் என்பது அவ்வழமையின் விதி. இப்பகுதியைச் சட்டநூலாக மட்டுமன்றி ஒரு பனுவலாகவும் படித்தல் வேண்டும். பிறப்பு, மணம், உடைமை, விடுதலை எனப் பணியாளரின் வாழ்நாள் முழுவதும் அங்கே பேசப்படுகிறது. ஆயினும் அனைத்தும் உடையவரின் உரிமை பற்றிய வினாக்களாகவே எழுகின்றன. பேசப்படுபவர் ஓரிடத்திலும் பேசுவதில்லை.

1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையில் அடிமைமுறையை ஒழித்தது. அதற்கு எட்டாண்டுகளின் பின், 1852இல், ஆறுமுக நாவலரின் பெரியபுராண வசனம் வெளிவந்தது. சட்டத்தில் இறந்த 'அடிமை' என்னும் சொல், திண்ணைகளிலும் கோயில் மண்டபங்களிலும் சமயச் சொல்லாகத் தொடர்ந்து ஒலித்தது. இதனை எவருடைய குற்றமாகவும் கூறவேண்டியதில்லை. சொற்களின் வரலாறு அவ்வாறு அமைந்தது. ஆனால் விடுதலை பெற்றோருக்குக் காணி கிடைக்கவில்லை. குடியிருந்த நிலம் பழைய எசமானுக்கே உரியதாயிருந்தமையால் பழைய ஊழியமும் தொடர்ந்தது. தூய்மை பற்றிய கருத்து வேலையைப் பங்கிட்டது. கோவியர் வீட்டினுள்ளும் குசினியுள்ளும் புகலாம். பள்ளரும் நளவரும் வளவோடும் வயலோடும் பனையோடும் நின்றுவிடவேண்டும். உள்ளே வருபவருக்கும் வெளியே நிற்பவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்று: 'நயினார்', 'நாச்சியார்' என அவர்கள் விளிக்க, அவர்களின் பெயர்கள் குறுக்கி அழைக்கப்பட்டன. கந்தசாமி கந்தனானான். மூக்குப்பேணிக்கும் சிரட்டைக்குமிடையே இருந்த வேறுபாடே இப்பெயர்களுக்கிடையிலும் இருந்தது.

நவீன இலக்கியத்தில் இந்நிலை மாறியதா என்பது அடுத்த வினா. தமிழில் வேலையாள் பற்றிய புகழ்மிக்க கவிதை பாரதியின் 'கண்ணன் என் சேவகன்'. 1917இல் நூலுருப் பெற்ற 'கண்ணன் பாட்'டில் இடம்பெறும் இக்கவிதை, எசமானின் முறைப்பாட்டோடு தொடங்குகிறது. வேலையாட்கள் பொய்க்காரணம் சொல்லி நின்றுவிடுகிறார்கள். உறவினர் சாவையும் நோயையும் கூறித் தப்புகிறார்கள். வீட்டுச் செய்தியை அயலில் பரப்புகிறார்கள். அப்பொழுது கண்ணன் வருகிறான். எவ்வேலையும் செய்வேன் என்கிறான். கூலி கேட்கும் இடத்தில், காசு தனக்குப் பெரிதன்று என்கிறான். வீடு செழிக்கிறது; சேவகன் நண்பனும் ஆசானும் தெய்வமும் ஆகிறான்.

இறைவனைப் பணியாளாகக் கண்ட இக்கற்பனை பக்தி மரபிலே ஓர் அரிய திருப்பம். ஆண்டானும் அடிமையும் இடம்மாறும் துணிவு அதில் உண்டு. பாரதியின் நோக்கம் ஆன்மிகமானது என்பதில் ஐயமில்லை. எனினும் கவிதையின் முற்பகுதியை மண்ணில் நின்று படிப்பவருக்கு வேறொன்று தோன்றும். விடுமுறை என்பது உரிமையாக இல்லாத ஒருவன், ஒருநாள் ஓய்வுக்கு எதனைச் சொல்வான்? இல்லாத சாவொன்றைச் சொல்வதைவிட அவனுக்கு வேறு வழியேது? பொய்யாக எசமானுக்குத் தோன்றுவது, எழுதப்படாத ஒரு விடுமுறை விண்ணப்பமாகும். கவிதை அதனைப் பதிவு செய்கிறது. ஆனால் அதன் உள்ளே புகவில்லை. இலட்சியச் சேவகன் கூலி கேளாதவன் என்னும் படிமம் வாசகர் உள்ளத்திலே தங்கிவிடுகிறது. தெய்வத்துக்குக் கூலி வேண்டாம். மலையிலிருந்து வந்த சிறுவனுக்கு வேண்டும்.

மலையிலிருந்து வந்த சிறுவன் என்பது வெறும் உவமையன்று. 1948இன் குடியுரிமைச் சட்டத்தாலும் 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையாலும் அலைக்கழிக்கப்பட்ட மலையகத் தோட்டத் தொழிலாளர், 1970களின் முற்பகுதியில் ஏற்பட்ட உணவுத் தட்டுப்பாட்டில் பட்டினியை நேரிற் கண்டனர். அவர்களின் பிள்ளைகள் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வீட்டுவேலைக்கு அனுப்பப்பட்டனர். பழைய குடிமை உறவு தளர்ந்துவந்த யாழ்ப்பாண வீடுகளில் அவ்வெற்றிடத்தை இப்பிள்ளைகள் நிரப்பினர். குடிமை முறையில் சாதி செய்த வேலையை இங்கே வறுமை செய்தது.

இவ்வீடுகளில் வழங்கிய சொற்றொடர் ஒன்று திறனாய்வாளரின் கவனத்துக்குரியது: 'எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி.' இதில் அன்பு இல்லையெனல் பொருந்தாது. பல வீடுகளில் இருந்தது. ஆனால் பொருள் முழுவதும் 'மாதிரி' என்னும் சொல்லிலே தங்கியுள்ளது. வீட்டுப் பிள்ளை பாடசாலை செல்லும், சீதனம் பெறும், முதுசம் பெறும். பிள்ளை மாதிரி இருப்பது முதலில் எழும், கடைசியில் உண்ணும், பழைய சட்டை பெறும். சம்பளம் கேட்டால் அது நன்றியின்மையாகும். ஏனெனில் பிள்ளை கூலி கேட்பதில்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் எண்ணலாகாது என்னும் பழமொழி, கொடுத்த சோற்றை நினைவூட்டுகிறது. அச்சோற்றைச் சமைத்த கையை நினைவூட்டுவதில்லை. உறவுச்சொல் இவ்வகையில் கூலியை விழுங்கிவிடுகிறது.

இந்நிலையில் கே. டானியலின் பங்களிப்பு விதந்து கூறத்தக்கது. 'பஞ்சமர்' (1972) தீண்டாமைக்கெதிரான போராட்டங்களை நாவலின் மையத்துக்குக் கொணர்ந்தது. 'அடிமைகள்' (1984) நிலவுடைமைக் குடும்பமொன்றின் உயர்வு தாழ்வுகளோடு அதனைச் சார்ந்து வாழ்ந்தோரின் வாழ்வைப் பிணைத்தது. தேசவழமையில் பேசாதிருந்தவர்கள் டானியலிடம் தம் பேச்சுமொழியிலேயே பேசுகிறார்கள். சமய வழக்கால் மெருகேறியிருந்த 'அடிமை' என்னும் சொல்லை அதன் கடுமையான பழைய பொருளிலேயே தலைப்பாக்கியமை பெருஞ்செயல். எனினும் டானியலின் ஆற்றல் கூட்டத்தைக் காட்டுவதிலேயே மிகுதியும் வெளிப்படுகிறது. கோயில் வாசல், தேநீர்க் கடை, கிணறு எனப் போராட்டத்துக்கு வெளிக்களங்கள் உண்டு. தனியொருத்தியாய்க் குசினிக்குள் இருப்பவளுக்கு அத்தகைய களமில்லை. தோளோடு தோள் நிற்கத் தொழிலாளர் கூட்டமும் இல்லை. வீட்டு வேலையின் தனிமையைக் காட்ட அணிதிரளும் மக்களின் கதை மட்டும் போதாது. வேறொரு நாவல்முறை வேண்டும்.

தொழில் என்றால் அதற்கு ஒரு வளர்ச்சிப்படியும் இருத்தல் வேண்டும். ஆசிரியர் அதிபராவார், எழுதுவினைஞர் பிரதம எழுதுவினைஞராவார். வீட்டுப் பணியாளரின் பணிவரலாறு எங்கே எழுதப்பட்டது? 1871ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வீட்டு வேலையாட்களைப் பதிவுசெய்யும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பணியாளர் தம்முடன் வைத்திருக்கும் கைப்பதிவேடும் அதில் அடங்கும். அப்பதிவேடே அவருடைய வாழ்க்கை வரலாறு. ஆனால் அதை எழுதியது பிறர் கை. மறுபுறம், 1958இன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின் பயன் வீட்டுப் பணியாளரைச் சேரவில்லை. ஐம்பதாண்டு உழைத்தவர் முதுமையில் பெற்றது அவ்வீட்டாரின் மனத்தைப் பொறுத்ததாயிற்று. கண்காணிப்புக்கு அவர் ஊழியர். நன்மைக்கு அவர் ஊழியரல்லர். சர்வதேசத் தொழில் நிறுவனம் வீட்டுப் பணியாளருக்கென 189ஆம் இலக்கச் சமவாயத்தை ஏற்றுக்கொண்டதே 2011இல் தான்.

இதற்கிடையில் இருவகைப் புலப்பெயர்வுகள் நிகழ்ந்தன. ஒன்று, இலங்கைப் பெண்கள் பணிப்பெண்களாக வளைகுடா நாடுகளுக்குச் சென்றமை. 1985இன் 21ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை நிறுவியது. வீட்டுவேலைக்கு ஒப்பந்தம், சம்பளம், காலவரை என்னும் சொற்கள் அப்பொழுதே பரவலாக வந்து சேர்ந்தன. அச்சொற்கள் மட்டும் காப்பாகிவிடவில்லை என்பதையும் கூறவேண்டும். மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக் 2013 ஜனவரி 9இல் சவூதி அரேபியாவில் மரணதண்டனைக்குள்ளானபோது தமிழில் இரங்கற் கவிதைகள் பல எழுந்தன. அவை உண்மையான துயரத்தின் வெளிப்பாடுகள். ஆயினும் பணிப்பெண் இறந்த பின்னரே கவிதைக்குள் வருகிறாள் என்பது சிந்திக்கத்தக்கது.

மற்றையது, 1983இன் பின் யாழ்ப்பாணத்து இளைஞர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்றமை. உணவகங்களில் கோப்பை கழுவியும் கட்டடங்களில் தரை துடைத்தும் வாழ்ந்த அனுபவம் புலம்பெயர் இலக்கியத்துக்கு வளமான பொருளாயிற்று. அவ்வெழுத்துகளில் மணித்தியாலக் கூலி, முதலாளியின் குரல், வெடித்த கைவிரல் யாவும் துல்லியமாகப் பதிவாகின்றன. அதே எழுத்துகளில் ஊர்வீட்டை நினைவுகூரும் பகுதிகள் வரும்பொழுது அங்கே முன்பு கோப்பை கழுவிய கை பெரும்பாலும் காணப்படுவதில்லை. தன் கை நீரில் ஊறியபோது அறிந்ததைப் பிறர் கைக்கும் பொருத்திப் பார்ப்பதே இலக்கியத்தின் பணி. அப்பணி இன்னும் நிறைவேறவில்லை.

ஆகவே, வீட்டுப் பணியாளர் தோன்றும் எப்படைப்பையும் மூன்று வினாக்களோடு அணுகுதல் பயனுடையது. அவருக்கு முழுப்பெயர் உண்டா? அவருடைய கூலி என்னவென்று படைப்பு அறியுமா? அவர் ஓய்ந்திருக்கும் வேளையொன்று அதில் இடம்பெறுகிறதா? இவை எளிய வினாக்களே. ஆனால் சிறந்தவை எனப் போற்றப்படும் கதைகள் பலவும் இவற்றின்முன் தடுமாறும். இரக்கம் காட்டும் கதைகளுக்கு நம்மிடம் குறைவில்லை. இரக்கம் எசமானின் உள்ளத்தை உயர்த்தலாம். பணியாளரின் உழைப்பைத் தொழிலாக ஏற்பதற்கு அதைவிடக் கணக்குப் புத்தகமே மிகுதியும் உதவும். கண்ணன் கூலி கேளாமற் போகலாம். அவன் துடைத்துச் சென்ற தரையை நாளை துடைக்க வருபவளின் சம்பளத்தை எழுத்தாளன் அறிந்திருத்தல் வேண்டும்.