ஐம்பது மீட்டரை யார் நடந்து அளப்பது?

அரசு விதிகளையும் ஆணைகளையும் இலக்கியப் பிரதிகளைப் போல வாசிக்க வேண்டும் என்று முதுகலை மாணவிகளிடம் சொல்வது என் வழக்கம். யார் பேசுகிறார், யாரை மனத்தில் வைத்துப் பேசுகிறார், யார் பெயரே இல்லாமல் போகிறார் என்று கேட்கப் பழகியவர்களுக்கு அரசிதழும் ஒரு பிரதிதான். அப்படி வாசிக்க இங்கே நான் எடுத்துக்கொள்வது, தமிழ்நாடு மதுபானச் சில்லறை விற்பனை (கடைகள் மற்றும் மதுக்கூடங்கள்) விதிகள், 2003. டாஸ்மாக் கடை எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது என்பதைச் சொல்வது இதுதான்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். இந்த விதிகள் எந்தச் சட்டத்தின் கீழ் வருகின்றனவோ, அதன் பெயர் மதுவிலக்குச் சட்டம், 1937. ராஜாஜி ஆட்சியில் சேலத்தில் மதுவிலக்கு தொடங்கிய காலத்துச் சட்டம் அது. இன்று அதே சட்டத்தைக் கொண்டுதான் மது விற்கப்படுகிறது. 1983இல் தொடங்கிய டாஸ்மாக் நிறுவனத்துக்கு, 2003 இறுதியில் சில்லறை விற்பனையும் முழுதாகப் போய்ச் சேர்ந்தது. விற்பது அரசு நிறுவனம். உரிமம் தருவது மாவட்ட ஆட்சியர். அந்த நிறுவனமும் மது தொடர்பான விதிகளும் ஒரே துறையின் கீழ். அந்தத் துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்ற பழமொழியைப் பெண்களை ஏளனம் செய்யத்தான் நம் ஊரில் அதிகம் சொல்கிறார்கள். எனக்கு அது இந்த நிர்வாகத்துக்குத்தான் பொருந்துவதாகத் தோன்றுகிறது. கள்ளச்சாராயம் விற்பவரின் வீட்டில் சோதனை நடக்கும். அரசுக் கடை விதியை மீறினால் மனு 'பரிசீலனையில்' இருக்கும்.

இனி விதியின் உடலுக்கு வருவோம். எட்டாம் விதி தூரத்தைச் சொல்கிறது. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்வி நிலையத்திலிருந்தும் 50 மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது. மற்ற இடங்களில் 100 மீட்டர். வணிகப் பகுதி என்று வகுக்கப்பட்ட இடங்களுக்கு இந்தத் தடை கிடையாது. கடை வந்த பிறகு பள்ளியோ கோவிலோ வந்தால் அதற்கும் கிடையாது. தூரத்தை, கடையின் வாசலிலிருந்து அந்த நிலையத்தின் வாயில்வரை, நடந்து செல்லும் ஒருவர் வழக்கமாகப் போகும் கிட்டிய பாதையில் அளக்க வேண்டும்.

இந்த 'நடந்து செல்லும் ஒருவர்' யார் என்பதே என் கேள்வி. அவருக்கு வயது இல்லை, பால் இல்லை, பொழுது இல்லை. பகல் பதினொரு மணிக்குக் கடை திறக்கும் முன்னும் அவர் அதே பாதையில் நடப்பார். இரவு எட்டு மணிக்கும் நடப்பார். நம்மில் யாரும் அப்படி நடப்பதில்லை. என் மாணவிகள் பலர் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குப் போக இரண்டு வழிகளை மனத்தில் வைத்திருக்கிறார்கள். காலையில் கிட்டிய வழி, மாலையில் சுற்று வழி. கடை இருக்கும் தெருவைத் தவிர்க்க நடக்கும் அந்தக் கூடுதல் தூரம் எந்த அளவீட்டிலும் வராது. பள்ளியின் வாயில் 51 மீட்டரில் இருந்தால் விதி நிறைவேறிவிடும். அந்த வாயிலுக்குப் போகிற சிறுமி கடை வாசலைத் தாண்டித்தான் போகிறாள் என்பது விதிக்குத் தெரியாது. வழிபாட்டுத் தலமும் பள்ளியும் பட்டியலில் இருக்கின்றன. குடிநீர்க் குழாய் இல்லை, பேருந்து நிறுத்தம் இல்லை, நியாயவிலைக் கடை இல்லை, வீடே இல்லை. பெண்கள் அன்றாடம் புழங்கும் இடங்களில் பெரும்பாலானவை விதியின் கண்ணில் படவில்லை.

யாருக்கு எவ்வளவு தூரம் என்பதிலும் ஓர் அரசியல் உண்டு. 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்றது. தமிழ்நாடு தொடர்பான வழக்கும் அதில் இருந்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதால் நேரும் சாவுகளைக் குறைப்பது தீர்ப்பின் நோக்கம். அந்த அக்கறையில் எனக்குக் குறையில்லை. ஆனால் சாலையில் போகிற வண்டிக்கு 500 மீட்டர், பள்ளிக்குப் போகிற பெண்ணுக்கு 50 மீட்டர் என்ற கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2017 ஏப்ரலில் தீர்ப்பு நடைமுறைக்கு வந்தபோது தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் நெடுஞ்சாலையோரத்தில் மூடப்பட்டன. அவற்றுக்கு மாற்று இடம் தேடிய அதிகாரிகள் ஊருக்குள், குடியிருப்புகளுக்கு நடுவே வந்தார்கள். நெடுஞ்சாலையின் ஆபத்து தெருவுக்கு இடம் மாறியது.

அந்த மாதங்களில் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில், 2017 ஏப்ரல் 11 அன்று, கடைக்கு எதிராகச் சாலை மறியல் செய்த ஒரு பெண்ணைக் காவல்துறை உயரதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது. விதியை நிறைவேற்றும் கை அன்று யார் மேல் விழுந்தது என்பதை மறக்கக் கூடாது.

நீதிமன்றம் சொன்ன 500 மீட்டரை மற்றவர்கள் எப்படி வாசித்தார்கள் என்பதும் சுவையானது. சண்டிகர் நிர்வாகம் நகருக்குள் ஓடும் நெடுஞ்சாலைகளை மாவட்டச் சாலைகள் என்று பெயர் மாற்றியது. கேரளத்தின் வடக்குப் பறவூரில் ஒரு மதுக்கூடம், வாசலுக்கு முன்னால் வளைந்து வளைந்து போகும் நடைபாதை கட்டி, நடக்கும் தூரத்தை நீட்டிக்கொண்டதாகச் செய்தி வந்தது. குடிக்க வருகிறவர் சுற்றி நடக்க முதலாளி பாதை கட்டித் தருகிறார். கடைக்குப் பயந்து பெண் சுற்றி நடந்தால் அது அவளுடைய சொந்தச் சிக்கல்.

இந்த இடத்தில் பெண்ணியவாதிகளான நாமும் கவனமாக இருக்க வேண்டும். மதுக்கடை எதிர்ப்பைப் பற்றி எழுதும்போது நம் பத்திரிகைகளுக்கும் கட்சிகளுக்கும் 'தாய்மார்களின் கண்ணீர்', 'தாலிக்கு ஆபத்து' என்ற சொற்களே வருகின்றன. பெண் மனைவியாகவோ தாயாகவோ அழுதால் மட்டுமே கேட்கும் காது அது. மணமாகாதவள், குடிக்கிற பெண், கணவர் குடிக்காவிட்டாலும் அந்தத் தெருவில் நடக்க உரிமை கேட்பவள் என்று யாருக்கும் அதில் இடமில்லை. அதியமானோடு கள்ளைப் பகிர்ந்ததை ஔவை பாடிய மொழி நம்முடையது. மதுவை ஒழுக்கக்கேடாகவும் பெண்ணை அதன் காவல்காரியாகவும் நிறுத்துவது நமக்குத் தேவையில்லை. கண்ணீராகக் கேட்டால் அரசு இரக்கப்படும், சில கடைகளை மூடி அறிவிப்பு வெளியிடும். உரிமத்தின் நிபந்தனை மீறப்படுவதற்கான சாட்சியமாகக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். பகல் 12 மணிக்கு முன் விற்றார்களா, இரவு 10 மணிக்குப் பின் விற்றார்களா, 21 வயது நிரம்பாதவருக்குக் கொடுத்தார்களா, மதுக்கூடத்துக்கு வெளியே தெருவில் உட்கார்ந்து குடிக்க விட்டார்களா என்பவை எல்லாம் அந்தத் தெருப் பெண்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தவர்களின் சொல்லுக்கு நிர்வாகத்தில் தனிப் பதிவேடு இல்லை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு எண் கிடைக்கும், அவ்வளவுதான்.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 1992இல் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில், துபகுண்டா போன்ற சிற்றூர்களில் அறிவொளி வகுப்புகளில் எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் சாராயத்துக்கு எதிராகத் திரண்டார்கள். அவர்கள் கடை வாசலோடு நிற்கவில்லை. சாராய ஏலத்தையே நடக்கவிடாமல் மறித்தார்கள். உரிமம் பிறக்கும் இடம் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மகாராஷ்டிரத்தில் பெண் வாக்காளர்கள் கோரினால் ஒரு கிராமத்திலோ வார்டிலோ ரகசிய வாக்கெடுப்பு நடத்திக் கடையை மூட விதி இருக்கிறது. வாக்குச்சீட்டில் நிற்கும் பாட்டில், படுத்த பாட்டில் என்று இரண்டு சின்னங்கள். பாட்டிலைப் படுக்க வைப்பது எளிதில்லை. பதிவான வாக்குகளில் பெரும்பான்மை போதாது, மொத்த வாக்காளர்களில் பாதிக்கு மேல் வேண்டும். ஆனாலும் அங்கே பெண்ணின் சொல் எண்ணப்படுகிறது.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் தெருவுக்கு அருகில் உள்ள கடையைப் பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் மூன்று கேள்விகள் கேளுங்கள். தூரத்தை அளந்தவர் யார்? எந்தத் தேதியில், எந்த நேரத்தில் அளந்தார்? எந்த வழியாக நடந்து அளந்தார்? அளவீட்டு வரைபடத்தின் நகலையும் கேளுங்கள். அது கைக்கு வந்ததும், நீங்கள் மாலையில் வீடு திரும்பும் வழியை அதே தாளில் வேறு மையால் வரைந்து, இரண்டையும் சேர்த்து ஆட்சியரிடம் கொடுங்கள்.