கான்வோய்: எல்லாருக்கும் கேட்ட பாஷை

சாம் பெக்கின்பா 1978-இல் எடுத்த 'கான்வோய்' படத்தைப் பெரியப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அவர் பாசிர் கூடாங்கிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். படம் முடிந்ததும், "சண்டையெல்லாம் சும்மாடா. அந்த ரேடியோ மட்டும் நெசம்" என்றார். அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் படுகிறது.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் வேக வரம்பு மணிக்கு 55 மைலாகக் குறைக்கப்பட்டது. போலீஸ் எங்கே நிற்கிறது, டீசல் எங்கே கிடைக்கிறது என்று லோரிக்காரர்கள் சிபி ரேடியோவில் பேசிக்கொண்டார்கள். 27 மெகாஹெர்ட்ஸ், 4 வாட். சில கிலோமீட்டர்தான் எட்டும். 19-ஆம் சேனல் அவர்களுடைய சந்தைக்கடை. போலீஸுக்குப் பெயர் 'கரடி'. வனத்துறை விளம்பரத்தில் வரும் ஸ்மோக்கி கரடியின் தொப்பியும் நெடுஞ்சாலைப் போலீஸின் தொப்பியும் ஒரே மாதிரி. ஹெலிகாப்டர் வந்தால் 'ஆகாயத்தில் கரடி'. 'கேட்டாச்சு' என்பதற்கு 'டென்-ஃபோர்'.

இதில் வேடிக்கை, 'டென்-ஃபோர்' போலீஸ்காரர்களின் சொத்து. 1930-களின் ரேடியோவில் பித்தானை அழுத்திய உடனே டிரான்ஸ்மிட்டர் முழுசாக உயிர் பெறாது. முதல் அசை விழுங்கப்பட்டுவிடும். முன்னால் ஒரு 'டென்' போட்டுவிட்டால் எண் தப்பிக்கும். போலீஸின் குறியை எடுத்துப் போலீஸுக்கு எதிராகவே பேசியிருக்கிறார்கள்.

அப்படியானால் இது ரகசிய பாஷையா? பெக்கின்பா முதல் காட்சிகளிலேயே இதற்குப் பதில் சொல்லிவிடுகிறார். ஷெரிஃப் லைல் (எர்னஸ்ட் போர்க்னைன்) தானும் ஒரு டிரைவர் மாதிரி ரேடியோவில் பேசி, ரோடு கிளியர் என்று நம்ப வைக்கிறான். மிதித்துக்கொண்டு வந்தவர்களை மடக்கிக் காசு பிடுங்குகிறான். சேனல் திறந்தது, யாரும் கேட்கலாம், பேசலாம். 'நான் உன் ஆள்' என்று சொல்லத்தான் அந்தச் சொற்கள். படத்திலேயே ஆழமான இடம் இதுதான்.

அதற்குப் பிறகு படம் ரோட்டை விட்டு இறங்கிவிடுகிறது. நூற்றுக்கணக்கான லோரிகள் 'ரப்பர் டக்' பின்னால் போகின்றன. எதற்கு என்று கேட்டால், போய்க்கொண்டே இருப்பதற்காக என்கிறான் அவன். ஒரு பாட்டிலிருந்து பிறந்த படத்துக்கு அது போதும். டிரைவருக்குப் போதாது. முதலாளி, வாடகை, எடை, தூக்கம் எதுவும் அந்த ரேடியோவில் கேட்கவே இல்லை.

நம்ம ஊரில் சிபி அந்த அளவுக்குப் பரவவில்லை. நமக்கு ஹெட்லைட். எதிரே வரும் லோரி ரெண்டு தடவை லைட் அடித்தால் முன்னால் மாத்தா நிற்கிறான், இல்லை விபத்து. மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கும் அது புரியும். இப்போது அந்த வேலையை 'டொன்டோ' செய்கிறான். ஜேபிஜே அதிகாரிகளை வேவு பார்த்து வாட்ஸ்அப்பில் சொல்கிறவன். காசு கொடுத்த குழுவுக்கு மட்டும். லோன் ரேஞ்சரின் கூட்டாளிக்கும் டொன்டோ என்றுதான் பெயர். அவன் சந்தா வாங்கவில்லை.

ஒரு ராத்திரி பெரியப்பாவோடு போனேன். கம்பெனி கட்டிய குழுவில் குரல் செய்தி வந்துகொண்டே இருந்தது: "அண்ணே, யோங் பெங் கிளியர். ஆயர் ஈத்தாம்ல எடை பாக்குறான்." சிம்பாங் ரெங்கம் தாண்டியதும் இடது தடத்தில் லைட் இல்லாமல் ஒரு லோரி நின்றது. பெரியப்பா வெட்டி எடுத்தார். என் கை நடுக்கம் மாச்சாப் வரைக்கும் நிற்கவில்லை. "இத ஏன் பெரியப்பா யாரும் சொல்லல?" என்றேன்.

"அதுக்குக் காசு கட்டலையே."

2025 மே 13, தெலுக் இந்தான் அருகே கல் ஏற்றிய லோரி மோதி 9 கலகத் தடுப்புப் போலீஸார் இறந்தார்கள். லோரியில் அளவுக்கு மீறிய பாரம். அந்த விபத்தில் டொன்டோ இருந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் எடை பார்க்கும் இடத்தை மறைத்துச் சொல்லும் குழு யாரைக் காப்பாற்றுகிறது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. நிச்சயமாக டிரைவரை இல்லை.

'கான்வோய்' சுமாரான படம்தான். ஆனால் ஊருக்கே கேட்கும்படி ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்ட சத்தம் அதில் பதிவாகியிருக்கிறது. அதற்காகவே பார்க்கலாம். பெரியப்பா இன்னும் எதிர் வண்டிக்கு லைட் அடிக்கிறார்.