எந்தக் கணக்கில் லாபம்?

2022 டிசம்பரில் வானொலி, தொலைக்காட்சி அறிவியல் செய்திகளில் அணுக்கருப் பிணைவுதான் பேச்சு. செலுத்திய ஆற்றலைவிடக் கூடுதல் ஆற்றல் கிடைத்துவிட்டது, செயற்கைச் சூரியன் பிறந்துவிட்டது என்றெல்லாம் நீங்களும் கேட்டிருப்பீர்கள். மறுநாள் என் வகுப்பில் ஒரு மாணவர், “இனி மின்வெட்டே இராதா, சார்?” என்று கேட்டார். அவர் மீது குற்றமில்லை. கேட்டதை அப்படியே நம்பினார்.

நடந்தது என்ன? அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் டிசம்பர் 5ஆம் நாள் 192 லேசர் கற்றைகளை விரல்நுனி அளவேயான ஓர் உருளைக்குள் செலுத்தினார்கள். உருளையின் உட்சுவர் வெளியிட்ட எக்ஸ் கதிர்கள், உள்ளேயிருந்த மிளகளவு எரிபொருள் குண்டை நசுக்கின. டியூட்டீரியமும் டிரிட்டியமும் பிணைந்து ஹீலியமாயின. உட்சென்ற லேசர் ஆற்றல் 2.05 மெகாஜூல், வெளிவந்தது 3.15 மெகாஜூல். ஆய்வுக்கூடம் ஒன்றில் இது முதன்முறை. அறுபது ஆண்டு முயற்சியின் பலன் என்பதில் ஐயமில்லை.

ஆனால் “செலுத்திய ஆற்றல்” என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பாருங்கள். எதற்குள் செலுத்தியது? உருளைக்குள். அந்த லேசர்களை இயக்க மின்கம்பியிலிருந்து எடுத்தது ஏறத்தாழ 300 மெகாஜூல்! இதை நமது மின்கட்டண அட்டையின் கணக்குக்கு மாற்றலாம். ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல். எனவே செலவு சுமார் 83 யூனிட்; வரவு ஒரு யூனிட்டுக்கும் குறைவு. அதுவும் மின்சாரமாக அன்று. பெரும்பகுதி நியூட்ரான்களின் இயக்க ஆற்றலாக. அதை முழுவதும் வெப்பமாக்கினாலும் பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம், அவ்வளவுதான்.

விஞ்ஞானிகள் பொய் சொல்லவில்லை. எரிபொருள் பற்றிக்கொள்கிறதா என்பதே அவர்கள் கேள்வி. அதற்கு உருளைக்குள் போன ஆற்றலை மட்டும் கணக்கிடுவது சரியே. அறிவிப்பிலேயே எண்களைத் தெளிவாகத்தான் தந்தார்கள். நேயர்களுக்கு விளக்க வந்தவர்கள்தாம் “உருளைக்குள்” என்ற ஒரு சொல்லை விழுங்கிவிட்டார்கள். நேரமில்லை என்று சொல்ல முடியாது; சூரியனை வர்ணிக்க மட்டும் நேரம் இருந்ததே!

கடல்நீரிலிருந்து வற்றாத எரிபொருள் என்றும் சொன்னார்கள். டியூட்டீரியத்துக்கு அது பொருந்தும். டிரிட்டியமோ 12.3 ஆண்டில் பாதியாகச் சிதைந்துவிடுவது. லித்தியத்திலிருந்து உண்டாக்கியாக வேண்டும். இந்த லேசர் நிலையத்தின் முதன்மைப் பணி அணு ஆயுதங்களை வெடிக்காமலே ஆராய்வது என்பதும் பெரும்பாலான விளக்கங்களில் விட்டுப்போயிற்று.

அன்று கரும்பலகையில் 300ஐ 3.6ஆல் வகுத்தவர் அதே மாணவர்தான். “ஒரு யூனிட்கூடத் தேறவில்லையே, சார்” என்றார். 2024இல் அதே கூடம் 5.2 மெகாஜூல் எடுத்தபோது, நான் சொல்லாமலே அவர் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார்: ஏறக்குறைய ஒன்றரை யூனிட்.