லியூ ஹுயி பாதியில் விட்ட கணக்கு

பழைய சீனக் கணிதம் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வரி தயாராக இருக்கும். "அவங்களுக்குக் கணக்குப் போடத் தெரியும், நிரூபிக்கத் தெரியாது" என்பது ஒன்று. "காஸுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே காஸ் முறை அவங்ககிட்ட இருந்தது" என்பது இன்னொன்று. இரண்டாவது தகவல் ஓரளவு சரிதான். 'ஒன்பது அத்தியாயங்கள்' நூலின் எட்டாம் அத்தியாயத்தில் கணக்குக் குச்சிகளைப் பத்தி பத்தியாக அடுக்கி, ஒரு பத்தியிலிருந்து இன்னொன்றைக் கழித்துக் கழித்தே மூன்று ரகத் தானியத்தின் விளைச்சலைக் கண்டுபிடிக்கிறார்கள். எக்ஸ், ஒய் எதுவும் கிடையாது. குச்சி இருக்கும் இடம்தான் பெயர். ஆனால் 'யார் முதல்' பட்டியலில் சேர்த்த கையோடு நூலை மூடிவிடுகிறோம். எனக்கு இரண்டு வரியுமே ஒரே சோம்பேறித்தனமாகத்தான் படுகிறது.

நாலாம் அத்தியாயத்துக்குப் போவோம். கோளத்தின் கன அளவு தெரிந்தால் விட்டம் காண விதி: 16-ஆல் பெருக்கு, 9-ஆல் வகு, கனமூலம் எடு. அதாவது கன அளவு, விட்டத்தின் கனத்தில் 9/16. தப்பு. நூல் வழக்கப்படி பை 3 என்றே வைத்தாலும் பாதிதான் வரணும்.

கி.பி. 263-இல் உரை எழுதிய லியூ ஹுயி, தப்பு எந்த வழியாக நுழைந்தது என்று தேடுகிறார். கனசதுரத்துக்கும் உள்ளே பொருந்தும் உருளைக்கும் விகிதம் 4-க்கு 3. உருளைக்கும் உள்ளிருக்கும் கோளத்துக்கும் அதே விகிதம் என்று யாரோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் என்ன பண்ணுகிறார்? கனசதுரத்துக்குள் இரண்டு உருளைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செலுத்தி, இரண்டுக்கும் பொதுவான பகுதியை மட்டும் எடுக்கிறார். இரண்டு சதுரக் குடைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்த மாதிரி ஒரு வடிவம். எந்த மட்டத்தில் கிடையாக வெட்டினாலும் ஒரு சதுரம். அதன் நாலு பக்கத்தையும் தொட்டபடி உள்ளே கோளத்தின் வட்டம். ஆக, அந்த 4-க்கு 3 இந்தக் குடைக்கும் கோளத்துக்கும் உரியது. உருளைக்கு அல்ல.

இது நிரூபணம் இல்லையென்றால் வேறென்ன?

குடையின் கன அளவு மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. மழுப்பவில்லை மனுஷன். சந்தேகத்தை அப்படியே எழுதிவைத்து, தெரிந்தவர் வந்து சொல்லட்டும் என்று நிறுத்திவிட்டார். ஓர் உரையாசிரியர் தன் தோல்வியை உரைக்குள்ளேயே வைப்பது, எனக்கு அந்தச் சூத்திரத்தைவிடப் பெரிசு.

வந்தவர் ஸூ கெங்ஜி. ஸூ சோங்ஜியின் மகன். இடையில் 200 ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. கனசதுரத்தை எட்டாக்கி ஒரு துண்டில், குடை போக மிஞ்சியதைப் பார்த்தார். எந்த உயரத்தில் வெட்டினாலும் மிச்சத்தின் பரப்பு சரியாக அந்த உயரத்தின் வர்க்கம். தலைகீழாக நிறுத்திய பிரமிடுக்கும் அதேதான். மட்டத்துக்கு மட்டம் பரப்பு சமம் என்றால் கன அளவும் சமம். மிச்சம் மூன்றில் ஒன்று, குடை மூன்றில் இரண்டு. (இந்தக் கொள்கையைத்தான் 17-ஆம் நூற்றாண்டு இத்தாலியர் காவலியேரி பெயரில் படிக்கிறோம்.)

ஸூ குடும்பத்தின் சொந்தக் கணித நூல் தொலைந்துபோய்விட்டது. லியூ ஹுயி விட்ட இடத்துக்கு நேரே, 7-ஆம் நூற்றாண்டில் லி சுன்ஃபெங் குழு சேர்த்த உரையில்தான் இந்த விடை தப்பிப் பிழைத்திருக்கிறது.